பத்தாவது சீட்டு

லாட்டரிச் சீட்டு வாங்குவதால் பிரயோசனம் உண்டா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் இல்லை என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். எண்களுக்கு இரக்கம் கிடையாது என்பது நான் கண்ணால் கண்டது. பெட்டியைத் திறக்கும்போது எத்தனை பேர் பக்கத்தில் நின்று கும்பிட்டிருப்பார்கள்! ஒரு யூனிட் குறைந்ததா? அப்படியிருக்க, திருவனந்தபுரத்தில் எவரோ நடத்தும் குலுக்கலில் தன் எண் வந்து நிற்கும் என்று நம்புகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

நம் மாநிலத்தில் லாட்டரியை ஒழித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒழித்தது நம் பக்கத்தில் மட்டும்தான். செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, கேரளா. ரோட்டோரம் வரிசையாகச் சீட்டுக் கடைகள். போர்டுகூடத் தமிழில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவன் எல்லாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? குற்றாலத்தில் குளிக்கப் போனேன், கோவிலுக்குப் போனேன் என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்கள்தான் அங்கே மொய்ப்பது.

என் தங்கை கரோலினின் புருஷன் எபிக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. பேட்டை தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். புனலூரில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு உருளை கடைந்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை அவனே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். போகும்போதும் ஆரியங்காவு, வரும்போதும் ஆரியங்காவு. நல்ல தொழில்காரன். குடி, பீடி கிடையாது. ஒரு மயிரிழை அளவு பிசகினாலும் உருளையைத் திரும்ப மாட்டிக் கடைவான். அந்த மூளை, மலை ஏறியதும் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு விளங்காதது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓணம் சமயத்தில், மாடியில் ஒரு அறை எடுக்கக் கம்பி வாங்க வைத்திருந்த நாற்பதாயிரத்துக்கு முழுசாக பம்பர் சீட்டு வாங்கிவிட்டான். ஒன்றுகூட விழவில்லை. கரோலின் ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியில் மேட்ரனாக இருக்கிறவள். நூற்றைம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு ஏழு வயது இளையவள். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான்.

ஒரு மாதம் கழித்து எபியை வரச்சொல்லி, பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, இனிமேல் சீட்டு வாங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். கரோலின் அசையவில்லை. பிறகு நான், "அவனுக்கு நான் ஜவாப்தாரி. இனி ஒரு சீட்டு வாங்கினான்னு எனக்குத் தெரிஞ்சா, மொதல்ல ஒங்கிட்ட வந்து சொல்லுவேன்" என்றேன்.

அவள் எழுந்து சூட்கேஸை எடுத்தாள். "அண்ணே, அவுக சத்தியத்த நம்பிப் போகல. ஒன் வார்த்தைய நம்பித்தான் போறேன், பாத்துக்க" என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

ரிட்டயர் ஆனதும் எங்கள் சபையில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்றைக்குத்தான் ஒவ்வொரு குடும்பமும் தசமபாகத்தைக் கவரில் போட்டு வைப்பது. வருமானத்தில் பத்தில் ஒன்று கர்த்தருக்கு என்பது எங்கள் வழக்கம். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் கவர்களைப் பிரிப்பேன், சபை ஊழியர் எழுதிக்கொள்வார். கவருக்குள் என்ன இருந்தது என்பது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அது பொருளாளருக்கு எழுதப்படாத சட்டம்.

போன அக்டோபர் முதல் ஞாயிறு எபியின் கவரைப் பிரித்தேன். வழக்கமான ரூபாய் இருந்தது. அதோடு நான்காக மடித்த ஒரு கேரளா லாட்டரிச் சீட்டும் இருந்தது. அன்றைய தேதிக் குலுக்கல், மத்தியானம் மூன்று மணிக்கு.

சபை ஊழியர் சில்லறையைக் குவித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அது எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த உலகத்தில் இப்படி ஒரு காரியத்தை எபியால் மட்டும்தான் செய்ய முடியும். பத்துச் சீட்டு வாங்கியிருக்கிறான். பத்தில் ஒன்று கர்த்தருக்கு. விழுந்த பிறகு கொடுப்பதென்றால் மனசு மாறிவிடுமாம், அதனால் விழும் முன்னாலேயே கொடுத்துவிட்டான். சத்தியத்தை மீறி வாங்கிய சீட்டுக்குக்கூட ஒழுங்காகத் தசமபாகம் கட்டுகிறவனை என்னவென்று வைவது?

வெளியே வேப்பமரத்தடியில் கரோலின் நின்றுகொண்டிருந்தாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "என்ன கொழம்பு வச்சிருக்க?" என்று கேட்டேன். "மீன் கொழம்பு" என்றாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கவர் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். சொன்னால் அவள் மறுபடியும் சூட்கேஸை எடுப்பாள், ஜவாப்தாரி என்று மார்தட்டியவனின் முகம் எங்கே போகும்? அந்தப் பயம்தான் மீதி.

வீட்டுக்கு வந்து சீட்டைக் கிழிக்கப் போனேன். காணிக்கையாக வந்த பொருளைக் கிழிக்கப் பொருளாளருக்கு அதிகாரம் உண்டா என்று சந்தேகம் வந்தது. சரி, மூன்று மணி வரைக்கும் இருக்கட்டும், ஒன்றும் விழவில்லை என்று தெரிந்தபின் நிம்மதியாகக் கிழிக்கலாம் என்று செல்போனில் முடிவைத் தேடினேன். மலையாளம் எனக்குத் தெரியாது. எண்கள் எல்லா ஊரிலும் எண்கள்தானே. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? சீட்டின் பின்பக்கம் தேதி போட்டு, சரிபார்த்ததற்கு ஒரு டிக் அடித்து, வீட்டு மீட்டர் அட்டையில் போடுகிற மாதிரியே சுருக்கக் கையெழுத்தும் போட்டேன். கிழிக்க மறந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

நவம்பரிலும் வந்தது, டிசம்பரிலும் வந்தது. கிறிஸ்துமஸ் மாதம் ஆயிற்றே, திருந்துவான் என்று பார்த்தேன். ஜனவரியில் கவரைப் பிரிக்கும்போது சீட்டு இருக்குமா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

முதல் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்கிறவன், அந்த ஒரு ஞாயிறு மட்டும் சாய மாட்டேன். நான்கு மணி வரைக்கும் செல்போனும் கையுமாக இருப்பேன். என் மனைவி சாரம்மாள் நான் கிரிக்கெட் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இந்தியா செயிக்குதா?" என்று கேட்பாள். மார்ச் மாதம் கடைசி நான்கு எண் ஒத்து நூறு ரூபாய் விழுந்தது. நூறு ரூபாய்க்காக ஆரியங்காவு போகவா முடியும்? காணிக்கை காணிக்கைதான் என்று என் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையில் போட்டேன். கேரளா அரசாங்கத்துக்குப் பதிலாக நான் பரிசு கொடுத்தேன். ஒரு சீட்டுகூட வாங்காமல் லாட்டரியில் நூறு ரூபாய் விட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கரோலின் ஒவ்வொரு மாதமும் வேப்பமரத்தடியில் நிற்பாள். நானும் ஒவ்வொரு மாதமும் என்ன குழம்பு என்று கேட்பேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. பதினோராவது சீட்டு. வழக்கம்போல ஒத்துப் பார்த்து, தேதி போட்டு, டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, டப்பாவை மூடப்போன பிறகுதான் எதற்கு டிக் அடித்தேன் என்பதே உறைத்தது. ஆறு எண்ணும் ஒத்திருந்தது. எழுத்தும் ஒத்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு லட்சம் ரூபாய்.

சாரம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்து, "தோத்துட்டாங்களா?" என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. முப்பது நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பக்கத்து மாநிலத்து ஆள் என்றால் சீட்டு எப்படிக் கைக்கு வந்தது என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எபிக்கு இது தெரிந்திருக்காது. கொடுத்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பத்தாவது சீட்டின் எண்ணை அவன் பார்த்தே இருக்க மாட்டான், அவன் புத்தி எனக்குத் தெரியும். நானாகப் போய் மாற்றிக்கொண்டால் கேட்க ஒரு ஆள் கிடையாது. அந்த நினைப்பு வரவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஐயரைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லாமல், ஒரு குடும்பம் கவரில் லாட்டரிச் சீட்டு போட்டது, அதில் பரிசு விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, சூதாட்டப் பணத்த சபை வாங்குனா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பிரசங்கம் பண்ணுவேன்? யாரு போட்டாங்களோ அவங்ககிட்டயே குடுத்துருங்க" என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இதுதான் மொத தடவையா போட்டாங்க?"

"ஆமா" என்றேன். திருச்சபை வளாகத்துக்குள் உட்கார்ந்து சொன்ன பொய்.

வியாழக்கிழமை பேட்டைக்கு பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. தண்ணீர் குறைவாக ஓடியது. எபியின் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க மச்சான். என்ன இம்புட்டுத் தூரம்?"

நான் சீட்டை எடுத்து வேலை மேசை மேல் வைத்தேன். பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கரோலின்ட்ட சொல்லிட்டீங்களா?"

"பதினோரு மாசமா சொல்லல. மாப்ள, ஏன்வே இப்படிச் செய்யுதீரு? பைபிள் மேல கைய வச்சீரே?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "மச்சான், நான் பம்பர் வாங்கலை. கடனுக்கு வாங்கலை. மாசம் பத்தே பத்து. மலையெறங்கி வரும்போது அந்தச் சீட்டு பையில இருந்தா, வீடு வந்து சேருத மட்டும் மனசு லேசா இருக்கு. மாடி ரூமு கட்டிப்போட்டேன், கரோலின் வேலைய விட்டுட்டான்னு நெனைச்சுக்கிட்டே ஓட்டுவேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாம் இடிஞ்சிரும். அது தெரியும். ஒரு நாளு வாடகைக்கு வீடு எடுத்த மாதிரிதான்."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒரு லட்சம் விழுந்திருக்கிறது, சபை வாங்காது, பிடி.

எபி சீட்டைக் கையில் எடுக்கவே இல்லை. குனிந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "என் ஒன்பதுல ஒண்ணுல விழக்கூடாதா? எத்தனை மாசம்! கர்த்தர் பாத்துத் தன் பங்க மட்டும் எடுத்துக்கிட்டாரே மச்சான்!"

"அவருதான் வேண்டாம்னு சொல்லிட்டாரே. எடுத்துக்கிடும்."

"அது ஐயரு சொன்னது." சிரிப்பு நின்றுவிட்டது. "குடுத்தது குடுத்ததுதான். திரும்ப வாங்குனா இந்தக் கை வெளங்காது. கையி இல்லன்னா எனக்குத் தொழில் ஏது?" ஒரு விரலால் சீட்டைத் திருப்பினான். "இங்கன பாருங்க, பின்னால ஒங்க கையெழுத்துல்லா இருக்கு. சட்டப்படி இது ஒங்க சீட்டு."

அதைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பரிசு பெறுகிறவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், என் டிக்கும் என் சுருக்கக் கையெழுத்தும். மீட்டர் ரீடிங் எடுத்த புத்தி.

சீட்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எபி வாசல் வரைக்கும் வந்தான். "கரோலினுக்கு மட்டும் தெரியாம பாத்துக்கிடுங்க, மச்சான். இந்த வயசுல அவ திரும்பவும் சூட்கேஸ எடுத்தா நான் தாங்க மாட்டேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். கரோலினிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் கெட்ட செய்தி பாதிதான் வலிக்கும் என்று ஒரு கணக்கும் போட்டேன். ஒரு லட்சம் என்றதும் முகம் மாறாதவர்கள் யார்? சபையும் எபியும் வேண்டாம் என்றாலும், அவள் வாங்கி மாடிக்குக் கம்பி போடலாம். வண்ணார்பேட்டை வருவதற்குள் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன். சாரம்மாள் மகளிர் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பதினோரு சீட்டையும் மேசைமேல் வைத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், அக்டோபரிலிருந்து பேட்டை வரைக்கும். பரிசு விழுந்ததைக் கடைசியில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவள் முகம் மாறவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். அக்டோபர் தேதி, டிக், கையெழுத்து. நவம்பர் தேதி, டிக், கையெழுத்து. பதினொன்றையும் பார்த்துவிட்டு ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"எது?"

"எல்லாந்தான். அவுக சட்டையத் தொவைக்கிறவ நான்தான? நவம்பருலயே பாத்துட்டேன். சனிக்கெழம ராத்திரி ஒன்பது சீட்ட டிராயருல வச்சிட்டு, ஒண்ணக் காணிக்கைக் கவருக்குள்ள வைக்காவ. பயபக்தியா, கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு வைக்காவ."

"பெறகு ஏன் அவன ஒரு வார்த்தை கேக்கல?"

"மாசம் ஐநூறு ரூவா. டீக்கடையில போயி இருக்க மாட்டாவ, ஒரு சினிமா கெடையாது. அது போட்டும்னு விட்டுட்டேன். அவுகள நம்பி நான் திரும்பிப் போகலையே." சீட்டுக் கட்டைத் தள்ளி வைத்தாள். "அந்தக் கவரு யாரு கைக்குப் போவும்னு எனக்குத் தெரியாதா? ஒன் கைக்கு. மாசாமாசம் வேப்பமரத்தடியில எதுக்கு நிக்கேன்னு நெனைச்ச? நீ காணிக்கை எண்ணிட்டு வெளிய வருவ. இன்னைக்குச் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பேன். நீ கொழம்பு என்னன்னு கேட்டுட்டுப் போயிருவ. சரி, அடுத்த மாசம் சொல்லுவான்னு நெனைச்சுக்கிடுவேன்."

"இப்ப சொல்லிட்டேன்லா, தாயி?" என்றேன்.

"விழுந்தப்பெறவுதான சொல்லுத" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இட்லிக்கு உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி பையச் சொன்னாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தச் சீட்டும் விழாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? டிக் அடித்து, டப்பாவில் போட்டு, செப்டம்பர் சீட்டுக்குக் காத்திருப்பேன். எனக்கே தெரிந்த விஷயத்தை இல்லை என்று எப்படிச் சொல்வது? அறுபத்தொரு வயதில் தங்கச்சி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அவள் தேற்றவில்லை. விடுதியில் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பலகாரம் கொடுக்க நேரமாகிறது என்று எழுந்தாள்.

"இந்தப் பணம்?" என்றேன்.

"எனக்கு அதுல ஒண்ணுமில்ல. அவுகட்டயும் ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கெடு செப்டம்பர் ஒன்றாம் தேதியோடு முடிந்தது. நான் அந்தச் சீட்டை மாற்றப் போகவில்லை. லட்ச ரூபாயை விட்ட பைத்தியக்காரன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். வாங்கியிருந்தால் தினமும் அந்தப் பணம் என்னைப் பார்த்து, விழுந்த பிறகுதானே சொன்னாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஏழை எளியவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்துவிட்டு அதற்கும் ஒரு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா? இரண்டாம் தேதி காலையில் டப்பாவோடு எடுத்துப்போய்க் குப்பை வண்டியில் போட்டேன்.

எபி திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான். பத்தை ஐந்தாகக் குறைக்கலாம் என்று யோசித்ததாகப் பிற்பாடு சொன்னான். ஐந்துக்குத் தசமபாகம் அரைச் சீட்டு. கர்த்தருக்கு அரைச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாது என்று பத்தாகவே வாங்கிவிட்டான்.

ஆகவே செப்டம்பர் முதல் ஞாயிறும் கவருக்குள் சீட்டு இருந்தது. கணக்கை முடித்து, சபை ஊழியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவசரமாக வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கரோலின் இல்லை. ஆராதனை முடிந்ததுமே போய்விட்டாள் என்றார்கள். பதினோரு மாதம் நின்றவள். அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் ஒரு லட்சம் போனபோது வராத வலி வந்தது.

வண்டியை நேராகச் சமாதானபுரத்துக்கு விட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை. உடுப்பு மாற்றி, கையில் கரண்டியோடு வந்து திறந்தாள். பாதிக் கதவுதான் திறந்தது. உள்ளே எபி தூங்குகிற குறட்டைச் சத்தம் கேட்டது.

சீட்டை நீட்டினேன். "இந்த மாசம் கவருல வந்துது. மூணு மணிக்குத்தான் குலுக்கல். அதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன்."

அவள் வாங்கவில்லை. சீட்டையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நம்பரப் பாத்தியா?"

"இல்ல."

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விடுதிப் பிள்ளைகளை எப்படி அடக்குகிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"பாத்தேன்" என்றேன்.

"சொல்லு பாப்பம்."

சீட்டு மடித்தபடியே கையில் இருந்தது. ஆறு எண்ணும் வரிசையாக என் வாயிலிருந்து வந்து விழுந்தன, முன்னால் இருக்கிற எழுத்து இரண்டோடும் சேர்த்து. கரோலின் கரண்டிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறாள்.

"விழுமாண்ணே?"

"விழாது. விழவே விழாதுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதவன்லா நான்."

அவள் கதவை முழுசாகத் திறந்தாள். "அப்ப உள்ள வந்து சாப்புட்டுட்டு இரி. மூணு மணிக்கு ரெண்டு பேருமாச் சேந்து பாப்பம்."